ஐந்து சொட்டு மருந்தும் ஒரு குடும்பத்தின் கணக்கும்

குழந்தைகளுக்கான ஒரு தடுப்பு மருந்தையோ கருவியையோ அறுவை சிகிச்சையையோ அரசுச் செலவில் தருவதா என்று முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். அது நோயைக் குறைக்கிறதா? அதற்குப் போகும் பணத்துக்கு ஈடான நன்மை வருகிறதா? அந்த நன்மை யார் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது? மருத்துவரும் பொருளியல் அறிஞரும் புள்ளியியல் அறிஞரும் சேர்ந்து இவற்றுக்கு விடை தேடும் துறைக்குச் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு என்று பெயர். இங்கே தொழில்நுட்பம் என்பது ஸ்கேன் இயந்திரத்தோடு நின்றுவிடுவதில்லை. வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பச்சிளங்குழந்தையின் காதுகேட்புப் பரிசோதனை, சத்துணவில் போடும் முட்டை எல்லாமே இதில் அடங்கும்.

இங்கிலாந்தில் இதற்கென 1999-இல் 'நைஸ்' என்ற நிறுவனமும், தாய்லாந்தில் 2007-இல் 'ஹைடாப்' என்ற நிறுவனமும் தொடங்கப்பட்டன. இந்தியாவில் 2017-இல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 'எச்.டி.ஏ. இன்' என்ற அமைப்பு உருவானது. அதன் மண்டல ஆய்வு மையங்களில் ஒன்று சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்குகிறது.

அரசின் கையில் உள்ள பணத்துக்கு எல்லை உண்டு. ஒரு பெரிய மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வென்டிலேட்டர் வாங்கச் செலவாகும் பணம், கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தின் தேவைக்குக் கிடைக்காமல் போகலாம். இரண்டுமே குழந்தைகளைக் காப்பவை. எதை முதலில் செய்வது என்ற தேர்வு ஒவ்வோர் ஆண்டும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பழக்கத்துக்கும் விற்பனையாளரின் பேச்சுக்கும் விட்டுவிடாமல், எல்லோரும் சரிபார்க்கக்கூடிய கணக்காக எழுதிவைப்பதே இத்துறையின் பணி.

அளவுகோல்

காய்ச்சலைத் தடுக்கும் ஊசியையும் காது கேட்க வைக்கும் கருவியையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டின் பயனையும் ஒரே அலகில் சொல்ல வேண்டும். உலக வங்கி 1993-இல் வெளியிட்ட வளர்ச்சி அறிக்கை 'டாலி' என்ற அலகைப் பரவலாக்கியது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளும், நோயோடும் ஊனத்தோடும் வாழ்வதால் குறைந்துபோகும் ஆண்டுகளும் சேர்ந்ததே டாலி. இதற்கு எதிர்ப்புறமாக, நலத்தோடு வாழக் கிடைத்த ஆண்டுகளை அளப்பது 'குவாலி'.

புதிய சிகிச்சைக்குக் கூடுதலாக ஆகும் செலவை, அதனால் கூடுதலாகக் கிடைக்கும் ஆண்டுகளால் வகுத்தால், ஓர் ஆண்டு வாழ்வைப் பெற எவ்வளவு பணம் ஆகிறது என்பது தெரியும். அந்தத் தொகை நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி மதிப்பைத் தாண்டாமல் இருந்தால் செலவு தகுதியானது என்று கொள்வது இந்திய ஆய்வுகளில் உள்ள வழக்கம்.

ரோட்டா வைரஸ்: முழுதாக நடந்த ஒரு கணக்கு

குழந்தை நலத்தில் இந்த முறை தொடக்கம் முதல் முடிவு வரை எப்படிப் போகும் என்பதற்கு, தமிழ்நாட்டின் பங்கும் சேர்ந்த ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து நல்ல சான்று.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கடும் வயிற்றுப்போக்குக்கு ஆளாக்கும் இந்த வைரஸை 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்தனர். 1998-இல் அமெரிக்காவில் வந்த முதல் தடுப்பு மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் ஏற்படுத்தியதால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. 2006-ஐ ஒட்டி வந்த இரண்டு புதிய மருந்துகளின் விலை இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்துக்கு எட்டாததாக இருந்தது.

இதற்கிடையே டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், 1980-களின் நடுவில், தொற்று இருந்தும் நோய்வாய்ப்படாத பச்சிளங்குழந்தைகளிடமிருந்து 116இ என்ற வைரஸ் வகை பிரித்தெடுக்கப்பட்டது. மகாராஜ் கிஷன் பான் தலைமையில் தொடர்ந்த ஆய்வும், ஹைதராபாதின் பாரத் பயோடெக் நிறுவனமும் சேர்ந்து அதை 'ரோட்டாவாக்' என்ற மருந்தாக்கின. ஒரு தவணைக்கு ஐந்து சொட்டு. விலை ஒரு டாலர் என்று நிறுவனம் உறுதியளித்தது.

முதல் கேள்வி, அது வேலை செய்கிறதா என்பது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. வேலூரில் அதை நடத்தியது கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 2014-இல் வெளியான முடிவின்படி, முதல் ஆண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை மருந்து சுமார் 56 சதவீதம் குறைத்தது. பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் காட்டும் பலனைவிட இது குறைவு. ஆனால் நோய் மிகுதியாக உள்ள நாட்டில் பாதியைத் தடுப்பது மிகப் பெரிய எண்ணிக்கை.

எவ்வளவு பெரியது என்று சொல்ல நோய்ச் சுமையின் கணக்கு வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு, வயிற்றுப்போக்குக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிறு குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு ரோட்டா வைரஸ் இருப்பதைக் காட்டியது. 2011-13 காலத் தரவுகளைக் கொண்டு வேலூர் ஆய்வாளர்களும் டெல்லி ஆய்வாளர்களும் செய்த மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் நாட்டில் சுமார் 78,000 குழந்தைகள் இந்நோயால் இறந்தனர். 8.72 லட்சம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 32 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை குழந்தைகள் வெளிநோயாளிகளாகக் காட்டப்பட்டனர். சிகிச்சைக்கு ஆண்டுக்கு ஆன செலவு 1,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

இந்த எண்களைக் கொண்டு தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்குச் சுமார் 2.6 கோடிப் பிறப்பு என்று கொண்டால், 2,000 குழந்தைகளுக்கு ஏறத்தாழ 6 மரணம், 67 மருத்துவமனைச் சேர்க்கை, 250 வெளிநோயாளி வருகை என்று வரும். மருந்து பாதியைத் தடுத்தால் 3 உயிர்கள் மிஞ்சும். 33 சேர்க்கைகள் குறையும். 2,000 குழந்தைகளுக்கு மூன்று தவணை மருந்தின் விலை 6,000 டாலர். பிழைக்கும் ஒவ்வொரு குழந்தையும் 68 ஆண்டு வாழும் என்றால் கிடைப்பது 204 ஆண்டுகள். ஓர் ஆண்டு வாழ்வுக்கு ஆகும் செலவு 30 டாலருக்கும் கீழே. எதிர்கால நன்மையின் மதிப்பைக் குறைத்துக் கணக்கிடும் வழக்கப்படி பார்த்தாலும் 70 டாலர். குளிர்பதனம், செவிலியர் ஊதியம், வீணாகும் மருந்து ஆகியவற்றுக்காக அதை இரட்டிப்பாக்கினாலும் 140 டாலர். அன்றைய இந்தியாவின் தனிநபர் உற்பத்தி மதிப்போ 1,500 டாலரை ஒட்டி இருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இந்த மருந்து செலவுக்குத் தகுந்தது.

2014 ஜூலையில் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்தைச் சேர்க்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் ஆந்திரம், அரியானா, இமாச்சலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, 2019-இல் நாடு முழுவதும் பரவியது. பழைய மருந்தைத் திரும்பப் பெறச் செய்த குடல் செருகல் அச்சத்தையும் ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. பல மாநில மருத்துவமனைகளில் தொடர்ந்து கண்காணித்து, இந்திய மருந்தால் அந்த ஆபத்து கூடவில்லை என்று 2020-இல் முடிவு வெளியிட்டனர். மருந்து திட்டத்தில் சேர்ந்த பிறகும் மதிப்பீடு தொடர வேண்டும் என்பதற்கு இது முன்மாதிரி.

சூரமங்கலத்தில் கணக்கு மாறுகிறது

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று சூரமங்கலம். ரயில் சந்திப்பும், கூலித் தொழிலாளர் குடியிருப்புகளும், சற்றுத் தள்ளிச் சிவதாபுரம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் உள்ள பகுதி. தமிழ்நாடு முழுவதும் போல இங்கும் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். ஆறு, பத்து, பதினான்கு வாரக் குழந்தைகள் மற்ற ஊசிகளோடு ரோட்டா சொட்டு மருந்தையும் பெறுகின்றனர்.

இந்தியா முழுமைக்கும் போட்ட கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. மருத்துவமனைப் பிரசவமும் எளிதில் கிடைக்கும் சிகிச்சையும் வயிற்றுப்போக்கால் இறக்கும் குழந்தைகளை இங்கே வெகுவாகக் குறைத்துவிட்டன. அப்படியானால் தடுப்பு மருந்து காக்கும் உயிர்களின் எண்ணிக்கையும் குறையும். ஓர் ஆண்டு வாழ்வுக்கு ஆகும் செலவு கூடியதுபோலத் தோன்றும். மரணத்தையும் அரசின் செலவையும் மட்டும் எண்ணும் ஆய்வு, நலத்தில் முன்னேறிய மாநிலத்துக்கு இம்மருந்தின் பயன் குறைவு என்று சொல்லிவிடும்.

எண்ணப்படாமல் போவது குடும்பத்தின் கணக்கு. கொலுசுப் பட்டறையில் நாள் கூலிக்குப் போகும் தகப்பனும், விசைத்தறியில் வேலை பார்க்கும் தாயும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தையை மூன்று நாள் மருத்துவமனையில் சேர்த்தால், அரசு மருத்துவமனையில் படுக்கைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. ஆனால் இருவரில் ஒருவர் கூலி மூன்று நாளும் போகும். பல வீடுகளில் இருவர் கூலியும் போகும். ஆட்டோ வாடகை, கடைச் சாப்பாடு, வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று செலவு நீளும். தனியார் மருத்துவமனைக்குப் போனால் கம்மலோ சங்கிலியோ அடகுக்கடைக்குப் போகும். வட்டி, நோய் தீர்ந்த பிறகும் தீராது. வேலூரில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளின் குடும்பங்களிடம் நடந்த செலவு ஆய்வுகள், மருத்துவச் செலவோடு போக்குவரத்தையும் இழந்த கூலியையும் சேர்த்தே எழுதின. எந்த நகரத்து ஆய்வுக்கும் அதுவே சரியான வழி.

இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆயினும் இந்தக் கணக்கில் இழந்த கூலி சேராது. மரணம் குறைந்த மாநிலத்தில் குழந்தை நலத் திட்டங்களின் அடுத்த பெரும்பயன், ஏழை வீட்டைக் கடனிலிருந்து காப்பதே. அதை எழுத இடமில்லாத கணக்கு அரைக் கணக்குத்தான்.

குழந்தைகளை அளப்பதில் உள்ள சிக்கல்கள்

பெரியவர்களுக்கான முறைகளைக் குழந்தைகளுக்கு அப்படியே கொண்டுவந்தால் பல இடங்களில் இடறும்.

முதலாவது, காலத்தின் நீளம். ஆய்வுகளில் எதிர்கால நன்மையை ஆண்டுக்கு 3 சதவீதம் குறைத்து மதிப்பிடுவது வழக்கம். அதன்படி 60 ஆண்டுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு ரூபாய் நன்மைக்கு இன்றைய மதிப்பு 17 பைசாதான். செலவு இன்று, பலன் ஒரு முழு வாழ்நாளுக்கும் பரந்து கிடப்பது. முதியவருக்குத் தரும் மாத்திரையின் பலன் சில ஆண்டுகளுக்குள் வந்துவிடுவதால் அதன் மதிப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. இதனால் குழந்தைகளுக்கான தடுப்புத் திட்டங்கள் தாளில் இளைத்துப்போகின்றன. இந்தக் குறைப்பு விகிதத்தை மாற்றி வைத்தும் முடிவைக் காட்டும்படி ஆய்வு நெறிகள் கேட்பது இதனால்தான்.

இரண்டாவது, பேசத் தெரியாத நோயாளி. வலி எவ்வளவு, மனம் எப்படி இருக்கிறது என்று பெரியவரிடம் கேட்டுக் குவாலி கணக்கிடலாம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென எளிய மொழியில் வினாத்தாள்கள் உருவாகியுள்ளன. அதற்குக் கீழே பெரும்பாலும் தாயோ தகப்பனோதான் குழந்தைக்காகப் பதில் சொல்கின்றனர்.

மூன்றாவது, ஒரு குழந்தையின் நோய் ஒரு வீட்டையே நோயாக்குவது. மூளைக்காய்ச்சல் பி வகைத் தடுப்பூசி செலவுக்குத் தகாது என்று இங்கிலாந்தின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2013-இல் இடைக்கால முடிவு சொன்னது. குடும்பத்தினரின் வாழ்க்கைத் தர இழப்பு உள்ளிட்டவற்றைச் சேர்த்துக் கணக்கைத் திருத்திய பிறகு, குறைந்த விலைக்குக் கிடைத்தால் தரலாம் என்று 2014-இல் பரிந்துரைத்தது. 2015-இல் அந்த ஊசி அங்குள்ள குழந்தைகளுக்கு வந்தது. எதை எண்ணுவது என்ற முடிவு, யார் காக்கப்படுவர் என்ற முடிவாகவும் ஆகிவிடுகிறது.

நாமக்கல் முட்டை

மருந்துக்கு மட்டுமே இந்த அளவுகோல் என்பதில்லை. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, இவ்வளவு செலவு தாங்குமா என்ற கேள்வி வலுவாக எழுந்தது. 1989-இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாகக் கூடி, 2010-இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை என்றானது. அரசு இடைவிடாமல் வாங்கும் இந்த முட்டைகளுக்கு நாமக்கல் பண்ணைகளே பெரும் ஆதாரம். ஆக, குழந்தைக்கு ஊட்டம், மாவட்டத்துக்கு நிலையான சந்தை என்று ஒரே செலவுக்கு இரு பக்கம் பலன்.

முட்டையின் பயனை அளந்த வெளிநாட்டு ஆய்வுகள் ஓர் எச்சரிக்கையையும் தருகின்றன. ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் நாளுக்கு ஒரு முட்டை தந்தபோது, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை 47 சதவீதம் குறைந்தது என்று 2017-இல் வெளியானது. அதே முறையில் மலாவியில் செய்தபோது வளர்ச்சியில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. மலாவிக் குழந்தைகள் ஏற்கெனவே மீன் உண்பவர்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. ஓர் ஊரில் பலித்தது மற்றோர் ஊரில் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது; அந்தந்த ஊரின் சாப்பாட்டையும் நோயையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பள்ளி உணவின் பலன் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை என்பதை 2021-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. சிறுமியாக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் இருந்த பகுதிகளில் வளர்ந்த தாய்மார்களின் குழந்தைகள் உயரத்தில் மேம்பட்டிருந்தனர். ஐந்தாண்டுக்குள் பலனைத் தேடும் மதிப்பீட்டின் கண்ணில் இது படாது.

கோடிகளில் விலை சொல்லும் மருந்து

கணக்கு மிகக் கடினமாகும் இடம் அரிய நோய்கள். முதுகுத்தண்டு சார்ந்த தசைச் சிதைவு நோய்க்கான ஒரே தவணை மரபணு மருந்து சுமார் 16 கோடி ரூபாய் விலையோடு பேசப்பட்டது. தமிழ்நாட்டிலும் பெற்றோர் ஊர் ஊராக, கைபேசி கைபேசியாகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிய நிகழ்வுகள் உண்டு. ஒரு டாலர் விலையில் அதே பணத்துக்குச் சுமார் ஆறு லட்சம் குழந்தைகளுக்கு மூன்று தவணை ரோட்டா மருந்து வாங்கலாம். இந்த ஒப்பீடு உண்மையானது. ஆனால் அதைப் பெற்றோர் முகத்துக்கு நேரே சொல்ல எந்தச் சமூகத்துக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

இங்கே மதிப்பீட்டுக்கு வேறொரு பயன் உண்டு. நோய்க்கு மருந்து வேண்டுமா என்ற கேள்வியைத் தாண்டி, எந்த விலைக்கு அது நியாயம் என்று உற்பத்தியாளரிடம் பேரம் பேசும் ஆதாரத்தை அது அரசின் கையில் தருகிறது. ரோட்டா மருந்து இந்தியக் குழந்தைகளுக்கு எட்டியது விலை ஒரு டாலருக்கு இறங்கியதால்தான். மொத்தக் கொள்முதலால் விலையைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முப்பது ஆண்டுகளாகக் காட்டி வருகிறது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையின் கீழ் நோயாளிக்கான உதவி 2022-இல் 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. கோடிகளில் விலை உள்ள மருந்துக்கு அது போதாது. விலைப் பேச்சும் சேர்ந்தால்தான் வழி பிறக்கும்.

காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் கருவி இன்னொரு பாடம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிறு வயதிலேயே இந்த அறுவை சிகிச்சைக்கு வழிசெய்கிறது. கருவியைப் பொருத்துவதோடு செலவு முடிவதில்லை. பேச்சுப் பயிற்சி, பேட்டரி, கம்பி, வெளிக்கருவி மாற்றம் என்று ஆண்டுதோறும் தொடரும். குறை பிறந்தவுடனே கண்டறியப்பட்டால்தான் மொழி கற்கும் வயது வீணாகாது. பரிசோதனை, அறுவை, பயிற்சி, பராமரிப்பு நான்கையும் சேர்த்து ஒரே சிகிச்சையாக மதிப்பிட்டால் மட்டுமே, வாங்கிய கருவி வாழ்நாள் முழுதும் வேலை செய்யும்.

செய்ய வேண்டியவை

சேலம், நாமக்கல் போன்ற மாவட்டங்களின் சொந்தத் தரவு இந்த ஆய்வுகளுக்கு அடிப்படை. ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு நாள் படுக்கைக்கு அரசுக்கு ஆகும் உண்மைச் செலவு, குழந்தை நோயுற்ற வாரத்தில் ஒரு கூலிக் குடும்பம் இழக்கும் வருமானம், அதற்காக வாங்கும் கடன் ஆகியவை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிலேயே திரட்டக்கூடியவை. குழந்தைகளின் நலத்தைக் கேட்கும் வினாத்தாள்கள் இந்தப் பகுதித் தாய்மார் பேசும் தமிழில் சோதித்துப் பார்க்கப்பட வேண்டும். ஆய்வு முடிவுகள் தமிழிலும் வெளியாக வேண்டும்; யாருடைய வரிப்பணத்தைப் பற்றிய கணக்கோ, அவர்களுக்கு அது படிக்கக் கிடைக்க வேண்டும்.

அரசின் செலவு ஒரு பத்தியிலும் குடும்பத்தின் செலவு அடுத்த பத்தியிலும் பக்கம் பக்கமாக எழுதப்பட வேண்டும் என்பதே இவற்றுள் முதன்மையானது. நன்மை சராசரியாக எவ்வளவு என்பதோடு, கூலி வீட்டுக் குழந்தைக்கும் மலைக்கிராமக் குழந்தைக்கும் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதும் தனியாகத் தெரிய வேண்டும். நோய்ச்சுமை மிகுந்த உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் 2017-இல் தரத் தொடங்கிய நிமோனியா தடுப்பூசி, தமிழ்நாட்டுக்கு வந்தது 2021-இல். மரணம் அதிகமுள்ள இடத்துக்கு முதலில் தருவது நியாயமே. மரணம் குறைந்த இடத்திலும் நோயின் சுமை யார் தோளில் இருக்கிறது என்பதைக் கணக்கு காட்டுமானால், அடுத்த தடுப்பு மருந்துக்கான காத்திருப்பு இவ்வளவு நீளாது.